அவருக்கும் அதே மருந்துதான்

என் காது எப்படிப் போனது என்று கேட்பவர்களிடம், ஏதோ ஒரு காய்ச்சலில் போய்விட்டது என்று சொல்லியே வெகு காலம் ஓட்டினேன். காய்ச்சலில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது எல்லார் வீட்டுக்கும் வந்து போவது. எனக்கு வந்தது வேறு. எண்பதுகளின் நடுவில், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்செடுத்த வயதில், விரையில் கட்டி வந்தது. புற்றுநோய். அந்த இடத்தின் பெயரை அம்மாவிடம் சொல்ல வாய் வராமல் பல மாதம் மறைத்து வைத்திருந்தேன். வலி பொறுக்காமல் சொன்னபோதும் "அடிவயித்துல ஒரு கட்டி" என்றுதான் சொன்னேன். அப்பாவும் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் முழுக்க, அதையே சொன்னார். ஆக, என் நோய் ஆரம்பத்திலேயே ஒரு பொய்யைப் போர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தது.

அப்போது நான் பஸ் கண்டக்டர். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகும் பஸ். எண்ணெய்ப்பழம் வெட்டும் எங்கள் செம்பனைத் தோட்டத்தின் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். மற்றதையெல்லாம் பஸ்ஸில் ஏறிய ஜனங்களின் வாயிலிருந்துதான் படித்தேன். மீன் வாங்க பாசிர் பெனம்பாங் வரைக்கும் போய்வரும் ஓர் அம்மாள், தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வார்: "எங்க ஆளு வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் தம்பி, கேட்டுப் பாத்தேன், அவ்ளோ பெருசு கடையில இல்லையாம்." இப்படி ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம். டிக்கெட் கிழிக்கிற கை கிழித்துக்கொண்டிருக்கும், காது மட்டும் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்ததும் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் செரண்டாவைச் சேர்ந்த லோரி டிரைவர் ஒருவர். என்னைவிடப் பெரியவர். அண்ணே என்று கூப்பிட்டேன். அவருக்கும் அதே இடத்தில் அதே நோய். அதனாலேயே அந்த வார்டில் நான் வெட்கமில்லாமல் பேசக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். மருந்தில் பிளாட்டினம் என்கிற உலோகம் கலந்திருக்கிறது என்று டாக்டர் மலாய் மொழியில் சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா தம்பி? எம்பொண்டாட்டி கழுத்துல ஒரு குண்டுமணி தங்கம் போட முடியல. எனக்கு ஒடம்பெல்லாம் நகை ஏத்துறானுங்க."

சிரித்த சிரிப்பிலேயே இருவரும் வாந்தி எடுத்தோம். அந்த மருந்து அப்படி. குடலை வெளியே கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் விடும். சிறுநீரகம் கெட்டுவிடாமல் இருக்கத் தண்ணீர் தண்ணீராக ஏற்றுவார்கள். போகிற சிறுநீரை ஜாடியில் பிடித்து வைக்க வேண்டும். நர்ஸ் வந்து அளப்பார். யாருடைய ஜாடி நிறைந்திருக்கிறது என்று நாங்கள் இருவரும் போட்டி போடுவோம். தலைமுடி, புருவம் எல்லாம் இருவருக்கும் ஒரே மாதிரிதான் கொட்டின. சிகிச்சை முடியப்போகும் சமயத்தில் காதுக்குள் ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. அவரிடம் கேட்டேன். தனக்கும் வண்டு கத்துகிறது என்றார். சரி, இதிலும் ஜோடிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தேன். நோய் போய்விட்டது. வண்டு போகவில்லை. கொதிக்கிற கேத்தல் விசில் அடிப்பது நின்றுவிட்டதாக நினைத்து, அது கெட்டுப்போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பஸ்ஸில் ஜனங்கள் இறங்குவதற்கு அடிக்கிற மணி எனக்கு இல்லாமல் போனது. ஆம்பிளைக் குரல், அதுவும் கிட்டத்தில் என்றால் கேட்கும். பெண்களும் குழந்தைகளும் பேசினால் வாய் அசைவது தெரியும், பேச்சு வராது. பஸ் டிரைவர் திரும்பி, "டேய், அந்தக் கெழவி மணியடிச்சு அடிச்சு வெரல் தேஞ்சு போச்சுடா" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கொஞ்ச நாளில் என்னை டிப்போவில் பஸ் கழுவப் போட்டார்கள். பூட்டு தேடிய அம்மாள் ஒருநாள் டிப்போ வாசலில் என்னைப் பார்த்து நின்று ஏதோ சொன்னார், சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் மட்டும், காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்று சொல்லி வைத்திருந்தேன்.

இப்படியிருக்கும்போதுதான் என் தங்கைக்கு வரன் வந்தது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் அவள் வேலை செய்தாள். மாப்பிள்ளைக்கும் ரவாங்கில்தான் வேலை, ஸ்டோரில். அவருடைய அம்மா கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். பார்த்தார்கள், பிடித்துவிட்டது, பாக்கு வெற்றிலை மாற்றுவதுதான் பாக்கி. அந்த நேரத்தில் யாரோ அந்த அம்மாளின் காதில் போட்டுவிட்டார்கள்: பெண்ணின் அண்ணன் செவிடு, பிறவிச் செவிடு, அந்தக் குடும்பமே அப்படி, மறைத்து வைத்திருக்கிறார்கள்.

மறுபடியும் வந்து நேரில் பேசிவிட்டுப் போகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படிச் சொல்லியனுப்பினால் என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அப்பா பழம் வெட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். "பொறவி இல்ல, மருந்துல போச்சுன்னு காட்டணும்."

ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்தது. ஆனால் காகிதத்தை யார் நம்புவார்கள்? எங்கள் லயத்தில் எந்த வழக்கும் வாய்ச்சாட்சியில்தான் தீரும். கோயில் முன்னால் ஓர் ஆள் வந்து நின்று, ஆமாம், நான் கண்டேன் என்று சொன்னால் தீர்ந்தது. காகிதம், தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்கு. மனிதனுக்கு மனிதன்தான் சாட்சி. "உங்கூட படுத்திருந்தாரே, அந்த டிரைவர். அவருக்கும் அதே மருந்துதான. அவருக்கும் காது போயிருக்கும்ல?" என்றார் அப்பா.

"போயிருக்கும்," என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம்பிக்கை என்றுகூடச் சொல்லலாம்.

செரண்டாவுக்குப் போனேன். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து வைத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். புருவம் திரும்ப முளைத்திருந்தது. எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வெளிக்கேட்டின் கொக்கியை மெதுவாகத்தான் தூக்கினேன். அந்தச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் என் மனதில் வந்தது என்ன என்று எழுத இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது. உயிரோடு இருக்கிறாரே என்ற சந்தோஷம் முதலில் வரவில்லை. இவருக்குக் கேட்கிறதே என்ற ஏமாற்றம்தான் வந்தது. அவருக்கும் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். என்னோடு சேர்ந்து வாந்தி எடுத்தவர், என் ஜாடி நிறையாத நாளில் தன் பங்குத் தண்ணீரை எனக்குத் தந்து குடிக்க வைத்தவர்.

வண்டு ஒரு மாதத்தில் பறந்துவிட்டது என்றார். எனக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று நான் கேட்டதற்கு அவருக்கும் பதில் தெரியவில்லை. "கள்ளுக்கடையில பாக்கல? ஒரே பானையில மொண்டு குடிக்கிறானுங்க. ஒருத்தன் பாடுறான், ஒருத்தன் அழுவுறான், ஒருத்தன் எந்திரிச்சு நேரா நடந்து வீட்டுக்குப் போறான். கள்ளு மேல என்னா குத்தம் சொல்றது? ஆளு ஆளுக்கு ஒடம்பு ஒவ்வொரு மாதிரி, தம்பி."

அது போதாது என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய் ஆளு ஆளுக்கு ஒடம்பு ஒரு மாதிரி என்று சொன்னால், அதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்பார். அதனால் கேட்டுவிட்டேன். "அண்ணே, ஒரே ஒரு நாளைக்கு உங்களுக்கும் காது கேக்காதுலா. எந்தங்கச்சிக்காக."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "எந்த சட்டை போட்டுக்கிட்டு வரணும்?" என்றார்.

சொன்ன நாளில் காலையிலேயே வந்துவிட்டார். அப்பா கோயில் பக்கம் போயிருந்தார், அம்மா காய் வாங்கப் பசாருக்கு. முன்னறையில் அவரை உட்கார வைத்து, எப்படிச் செவிடாக இருப்பது என்று சொல்லிக்கொடுத்தேன்.

"மொதல்ல, கேக்கலன்னா என்னா என்னான்னு கேக்காதீங்க."

"செவிடன் அதானப்பா கேப்பான்."

"புதுசா போனவன்தான் கேப்பான். ரெண்டு தடவைக்கு மேல கேட்டா ஆளுங்க மூஞ்சி மாறும். பேசாம தலைய ஆட்டுங்க."

"எதுக்கு ஆட்டுறேன்னு தெரியாமலேயா?"

"ஆமா. அவுங்க சிரிச்சா நீங்களும் சிரிங்க. ஆனா மூஞ்சியப் பாத்துட்டு, கொஞ்சம் பிந்தி. பொம்பளைங்க பேசுனா அப்படியான்னு சொல்லுங்க. அதுக்கு நல்லதும் பொருந்தும், கெட்டதும் பொருந்தும்."

"வீட்டுலயுமா இப்படி?"

"வீட்டுலதாண்ணே ரொம்ப. வெளியில கேக்கலன்னா சத்தமா சொல்லிட்டுப் போயிடுவாங்க. வீட்டுல கேக்கலன்னு தெரிஞ்சா ஒக்காந்து அழுவாங்க."

 அவர் நான் பார்க்கும்படி முகத்தை நேரே வைத்துக்கொண்டு சொன்னார். "செவிடன் மாதிரி நடிக்கணும்னு என்னைக் கூப்பிட்ட. நீ சொல்லிக்குடுக்கிறதெல்லாம் காது கேக்குறவன் மாதிரி நடிக்கிறதுல்ல?"

 நேரமாகிவிட்டது, சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று அங்கே பேசியதில் பாதியை எனக்குப் பிறகு டிரைவர் அண்ணன்தான் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை அவர். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு பேரு நாலு விதமா பேசுறாங்கக்கா. நேருல கேட்டுட்டா மனசு தெளிஞ்சுடும் பாருங்க, அதான்" என்றார். அப்பா, கட்டியைப் பற்றிச் சொன்னார். ஊசி மருந்தைப் பற்றிச் சொன்னார். வார்த்தையை எண்ணி எண்ணி வைத்தார். பிறகு அண்ணனைக் காட்டினார். "இவரும் அதே வார்டு. அதே மருந்துதான். பாருங்க, இவருக்கும் போச்சு."

அண்ணன், நான் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் செய்யவில்லை. நாடக மேடைச் செவிடன் மாதிரி காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் மாமா, "சாப்பிட்டீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். அண்ணன், "செரண்டாங்க, டேசனுக்குப் பக்கத்துல" என்று கூரை அதிரக் கத்தினார். அந்த மாமா சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார், வேறு வழியில்லாமல். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்தி, நானும் சிரித்தேன்.

தங்கை தட்டில் தேநீர் கொண்டுவந்து நின்றாள். தட்டை வைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். என் அம்மாவின் கை வாய்க்குப் போனதைப் பார்த்துத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தங்கை சொன்னது இதுதான்:

"அவருக்குக் காது நல்லா கேக்கும் அத்தை. எங்க அண்ணனுக்குத்தான் கேக்காது. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதான். ஏன் அண்ணனுக்கு மட்டும் போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது."

அண்ணன் காதிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. யோசித்தார். "ஒரே மருந்து ஒருத்தருக்குக் காத எடுக்குது, ஒருத்தருக்கு எடுக்கல. அப்ப கோளாறு மருந்துல இல்ல, ஆளுலதான் இருக்கு. நீயும் அவரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானம்மா?"

 பல வருஷம் கழித்து, காதுக் கருவி வாங்கப் போன இடத்தில் ஒரு பெண் டாக்டர் அதற்குப் பதிலை எனக்குப் பொறுமையாக விளக்கினார். அந்த மருந்து எல்லார் காதையும் ஒரே மாதிரி தாக்குவதில்லையாம். மருந்தின் அளவு, வயது என்று பல காரணம் உண்டு. பிறக்கும்போதே உடம்பில் எழுதி வந்திருக்கிற சின்னச் சின்ன வித்தியாசங்களும் அதில் ஒன்று என்று நினைக்கிறார்கள். எனக்கு எதனால் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படி ஒரு வித்தியாசம் இருந்தாலும், இந்த மருந்து உள்ளே போனால்தான் அது வேலை செய்யும், மருந்தே ஏற்றாதவருக்கு அதனால் காது போகாது என்றார். மாப்பிள்ளையின் அம்மா கேட்டதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்ல அன்று எங்கள் வீட்டில் ஆள் இல்லை. இதை நான் தங்கையிடம் சொன்னபோது அவளுக்கு மூன்று பிள்ளைகள். வேறு மாப்பிள்ளை, வேறு ஊர். பிள்ளைகளுக்கு எப்போதாவது பெரிய நோய் வந்தால் டாக்டரிடம் மாமாவின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். சொல்றேண்ணே, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றாள்.

அன்று அவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த அம்மாள், என் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "காதுகூட கெடக்கட்டும்க்கா. ஆள வச்சு இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றாராம். ஆக, வரன் போனது என் ரத்தத்தினாலா, என் பொய்யினாலா என்று எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. ரத்தத்தினால் என்று வைத்துக்கொள்ளத்தான் மனசு எப்போதும் ஓடுகிறது. அதற்கு நான் பொறுப்பில்லையே.

அண்ணனை பஸ் ஏற்றிவிடப் போனேன். செம்பனைக்கு நடுவில் போகிற மண் ரோட்டில் இருவரும் நடந்தோம். பஸ் வருகிற சத்தம் அவருக்கு முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் நின்றார். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததும் அவரைப் பார்க்க முடியவில்லை. பஸ் நின்றபின் என் தோளைத் தொட்டுத் திருப்பி, "எனக்குக் கேக்குதுப்பா. அதுக்கு நான் என்னா பண்ணட்டும்?" என்றார். தப்பு செய்த ஆள் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான்தான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். வாய்க்குள் எதையோ முணுமுணுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அப்பா திரும்பவும் கோயில் பக்கம் போய்விட்டார். தங்கை பின்னால் குழாயடியில் தேநீர் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

குனிந்து கழுவியபடியே ஏதோ சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். கை பழகிவிட்ட வேலையைச் செய்வது போல, தலை தானே ஆடிவிட்டது. அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"காலையில நீ அவருக்குச் சொல்லிக்குடுத்தப்ப நான் அடுப்படியிலதாண்ணே இருந்தேன்," என்றாள். மெதுவாக, வாயைத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக. "தலைய ஆட்டணும், பிந்தி சிரிக்கணும். எல்லாத்தையும் கேட்டேன். அத அவரு அந்த அத்தை முன்னால கூத்து மாதிரி பண்ண, எல்லாரும் சிரிச்சாங்க. கூடச் சேந்து நீயும் சிரிச்ச. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல."

நான் குழாயை மூடினேன். அவள் கேட்டாள்:

"தீவாளிக்கு முன்னால ஒரு நாளு, இங்கதான், உங்கிட்ட ஒண்ணு சொன்னேன். வேற யாருகிட்டயும் சொல்லல. என்னா சொன்னேன்?"

யோசிப்பதுபோல் நின்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. அவள் ஏதோ சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்ததும், நான் சிரித்துவிட்டு வேலைக்குப் போனதும் மட்டும் நினைவிருந்தது.

"அந்த மாப்பிள்ளைய எனக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னேன்," என்றாள். "வரன் வர்றதுக்கு முன்னாலயே ரவாங் பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கேன்னு சொன்னேன். சட்டையில ஒரு பொத்தான் மட்டும் வேற கலரு, அத நான் பாத்துட்டேன்னு அவரு கைய வச்சு மறைச்சுக்கிட்டாருன்னு சொன்னேன். எப்படியாவது இத முடிச்சு வையுண்ணேன்னு சொன்னேன்."

எனக்கு அது அப்பா அம்மா பார்த்த வரன். நழுவாமல் பிடித்து வைக்க வேண்டிய ஒரு சம்பந்தம், அவ்வளவுதான். அதற்காகத்தான் சாட்சி தேடினேன், பொய் தேடினேன். அவளுக்கு அதில் ஒரு முகம் இருந்தது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஒருவேளை தெரிந்திருந்தால் அந்த அம்மாளிடம் நானே போய் உண்மையைச் சொல்லிக் கெஞ்சியிருப்பேனோ, என்னவோ.

அவள் நிறுத்தவில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னிடம் சொன்னதையெல்லாம், எனக்குக் கேட்டதா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். தொழிற்சாலையில் மயங்கி விழுந்தது. அம்மா எனக்காக இருந்த விரதம். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நியாயமாகப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டிய நேரம் அது. குனிந்தால் அவள் சொல்வது எனக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் அவள் முகத்தைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.